சாப்டர் 7 போட்டவருக்கு வேலைச் சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் சாப்டர் 7 (விலக்கில்லாத சொத்து இருந்தால் அதை விற்றுக் கடன்காரர்களுக்குத் தந்துவிட்டு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் முறை) திவால் மனு போட்டீர்கள். சில மாதங்களில் டிஸ்சார்ஜ் ஆணையும் வந்து, கிரெடிட் கார்டு, மருத்துவக் கடன் எல்லாம் தள்ளுபடியாகிவிட்டன. இப்போது நியூஜெர்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறீர்கள். நியூயார்க் நகரத்தில் உள்ள ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. கூடவே கிரெடிட் ரிப்போர்ட் (உங்கள் கடன் வரலாற்று அறிக்கை) எடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு படிவமும் வந்திருக்கிறது. திவாலைக் காரணம் காட்டி வங்கி ஆஃபரைத் திரும்பப் பெறலாமா, விஷயம் தெரிந்தால் இப்போதைய நிறுவனம் வேலையை விட்டு எடுத்துவிடுமா, நீங்களாகவே சொல்லியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 2021-இல் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளம் தராத பழைய கன்சல்டிங் நிறுவனத்தின் மீது வழக்கு நடக்கிறது, அதைத் திவால் மனுவில் குறிப்பிடவில்லை, பரவாயில்லைதானே என்று.

நான் பல வருடங்களாகத் தனிநபர் திவால் வழக்குகளைப் பார்த்து வரும் வழக்கறிஞர். என் அனுபவத்தில் உங்கள் முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. அந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் இதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இப்போதைய வேலையிலிருந்து தொடங்கலாம். இதில் சட்டம் தெளிவு. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 525-ஆம் பிரிவு, உட்பிரிவு பி, தனியார் முதலாளிகளைப் பற்றியது. 1984-இல் சேர்க்கப்பட்டது. ஒருவர் திவால் மனு போட்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, வேலை விஷயத்தில் பாகுபாடும் காட்டக் கூடாது என்கிறது அது. பதவி உயர்வை நிறுத்துவது, சம்பளத்தைக் குறைப்பது, பொறுப்பைப் பிடுங்குவது எல்லாம் பாகுபாட்டுக்குள் வரும். இனம், மதம், பால் தொடர்பான பாகுபாட்டுச் சட்டம் குறைந்தது 15 ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். இந்தப் பிரிவில் அப்படி எந்த எண்ணிக்கையும் இல்லை, இரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும். மனு போட்டவரோடு தொடர்புடையவருக்கும் பாதுகாப்பு உண்டு. மனைவி போட்ட மனுவுக்காகக் கணவரை நீக்கினாலும் இதே பிரிவுதான்.

சிக்கல் இருப்பது 'ஒரே காரணம்' என்ற நிபந்தனையில். நீதிமன்றங்கள் இதை அப்படியே நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்கின்றன. திவாலும் ஒரு காரணம், வேலையில் குறையும் ஒரு காரணம் என்று முதலாளியால் காட்ட முடிந்தால் இந்தப் பிரிவின் கீழ் ஜெயிப்பது மிகக் கடினம். 1989-இல் 1-ஆவது சர்க்யூட் (சில மாநிலங்களுக்குப் பொதுவான மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005-இல் 6-ஆவது சர்க்யூட்டும் பார்த்த வழக்குகளில் ஊழியர்கள் தோற்றது இந்த இடத்தில்தான். திவால் மட்டுமே காரணம் என்று அவர்களால் நிறுவ முடியவில்லை. ஆகவே காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதே இத்தகைய வழக்கைத் தீர்மானிக்கிறது. ஒருமுறை என்னிடம் வந்தவர் கையில் இரண்டே தாள்கள். ஒன்று, 'எதிர்பார்ப்பை மிஞ்சினார்' என்று மேலாளர் எழுதிய ஆண்டு மதிப்பீடு. இன்னொன்று, ஆறு வாரம் கழித்து அதே மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல்: நீதிமன்ற நோட்டீஸ் வந்ததைப் பற்றிப் பேச வேண்டும், பணம் புழங்கும் பணியில் உங்களை இனி வைக்க முடியாது. அந்த இரண்டு தாள்களும் இல்லையென்றால் அவர் கதை வெறும் சந்தேகமாக நின்றிருக்கும். நீங்களும் உங்கள் மதிப்பீட்டு அறிக்கைகளின் நகலை இன்றே வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து நீக்கிய பிறகு அலுவலகக் கணினிக்குள் போக முடியாது.

விஷயம் இப்போதைய நிறுவனத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், பெரும்பாலும் தெரியவே தெரியாது. திவால் வழக்குகள் பொது ஆவணங்கள்தான். மத்திய நீதிமன்றங்களின் 'பேசர்' இணையதளத்தில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். ஆனால் நீதிமன்றம் உங்கள் முதலாளிக்குத் தானாகக் கடிதம் அனுப்புவதில்லை. அனுப்ப நேரும் சூழ்நிலைகள் சில உண்டு. முதலாளிக்கே நீங்கள் கடன்பட்டிருந்தால் கடன்காரர் பட்டியலில் அவர் பெயர் வரும், நோட்டீஸும் போகும். கடனுக்காக ஏற்கெனவே சம்பளத்தில் பிடித்தம் நடந்துகொண்டிருந்தால் மனு போட்டதும் அதை நிறுத்தச் சொல்லிச் சம்பளப் பிரிவுக்குத் தகவல் போகும். கடனைத் தவணையில் கட்டும் சாப்டர் 13 முறையில், மாதத் தவணையைச் சம்பளத்திலிருந்து நேராக டிரஸ்டிக்கு (திவால் வழக்கின் சொத்தையும் பணத்தையும் நிர்வகிக்க நியமிக்கப்படுபவருக்கு) அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்களுடையது சாப்டர் 7, முடிந்தும் போய்விட்டது. அதனால் இவை எதுவும் உங்களுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கும், இன்னும் மனு போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'திவால் மனு போடலாம் என்றிருக்கிறேன்' என்று மேலாளரிடம் மனம் விட்டுப் பேசாதீர்கள். 2002-இல் 9-ஆவது சர்க்யூட் பார்த்த வழக்கு ஒன்றில், மனு போடப் போவதாகச் சொன்ன மருத்துவமனை ஊழியர் ஒருவரை மனு தாக்கலாவதற்கு முன்பே நீக்கிவிட்டார்கள். போட்டவருக்குத்தான் பாதுகாப்பு, போட நினைத்தவருக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் அதை மனதில் வைத்தே என்னிடம் வருபவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன்.

இனி புதிய வேலை. இங்கே சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 525-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அரசு அமைப்புகளைப் பற்றியது. அவை வேலை தர மறுக்கவும் கூடாது, வேலையிலிருந்து நீக்கவும் கூடாது என்று இரண்டையும் சொல்கிறது. தனியாருக்கான உட்பிரிவில் நீக்கக் கூடாது என்பது இருக்கிறது, வேலை தர மறுக்கக் கூடாது என்பது இல்லை. நாடாளுமன்றம் ஓரிடத்தில் சேர்த்ததை இன்னோரிடத்தில் விட்டிருக்கிறது என்றால் வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறது என்ற வாதத்தை 2010-இல் 3-ஆவது சர்க்யூட்டும், 2011-இல் 5-ஆவது, 11-ஆவது சர்க்யூட்டுகளும் ஏற்றுக்கொண்டன. நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெக்சஸ், ஜார்ஜியா, ஃபுளோரிடா எல்லாம் இந்த மூன்றுக்குள் வருகின்றன. 2000-இல் நியூயார்க்கின் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி மட்டும், வேலை விஷயத்தில் பாகுபாடு என்ற சொற்களுக்குள்ளேயே ஆள் எடுப்பதும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார். நியாயம் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான் என்பது என் எண்ணம். கடனிலிருந்து மீண்டு புதிதாகத் தொடங்கு என்று ஒரு சட்டம் சொல்லிவிட்டு, தொடங்குவதற்கான வேலையை மட்டும் மறுக்கலாம் என்று எப்படிச் சொல்லும்? ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதுவும் அந்த வழியில் போகவில்லை. ஆகவே திவாலுக்காகத் தனியார் நிறுவனம் வேலை தர மறுத்தால் திவால் சட்டத்தை நம்பி வழக்கு போடலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

11-ஆவது சர்க்யூட் பார்த்த வழக்கு உங்கள் நிலைமைக்கு நெருங்கியது. உணவக மேலாளர் பதவிக்கு ஒருவர் விண்ணப்பித்து, இரண்டு நாள் பணியிட மதிப்பீட்டிலும் கலந்துகொண்டு, படிவங்களையும் நிரப்பிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது என்றே நம்பினார். பிறகு பின்புலச் சோதனையில் திவால் தெரிந்து, ஆஃபரைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் வந்தது. அவர் அதற்குள் ஊழியராகிவிட்டாரா இல்லையா என்பதே ஜூரியின் முன் நின்ற கேள்வி. ஆகவில்லை என்று ஜூரி சொன்னது, அவர் தோற்றார். ஊழியராகிவிட்டார் என்று முடிவாகியிருந்தால் அது 'நீக்கம்' ஆகியிருக்கும், சட்டத்தின் பாதுகாப்பும் வந்திருக்கும். அதனால், பின்புலச் சோதனை முழுவதும் முடிந்து, சேரும் தேதி எழுத்தில் உறுதியாகும் வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டால் வேலையோடு விசாவும் ஆட்டம் காணும்.

திவால் சட்டம் கைவிட்ட இடத்தில் கிரெடிட் ரிப்போர்ட் பற்றிய மத்தியச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கும் முன் வங்கி அதைத் தனித் தாளில் தெரிவிக்க வேண்டும், உங்கள் எழுத்துச் சம்மதத்தையும் பெற வேண்டும். தனித் தாள் என்றால் தனித் தாள்தான். அதற்குள்ளேயே 'பின்னால் உங்கள் மீது வழக்கு போட மாட்டேன்' என்பது போன்ற வரியைச் சொருகுவது தவறு என்று 2017-இல் 9-ஆவது சர்க்யூட் தீர்ப்பளித்தது. உங்களுக்கு வந்த படிவத்தை எடுத்துப் பாருங்கள், பல பக்க விண்ணப்பத்தின் நடுவில் அது புதைந்திருந்தால் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிகளுக்குப் போகும் ரிப்போர்ட்டில் கிரெடிட் ஸ்கோர் இருக்காது. ஆனால் பொது ஆவணங்கள் என்ற பகுதியில் திவால் மனு, நீதிமன்றத்தின் பெயர், தேதி, டிஸ்சார்ஜ் ஆனதா என்ற விவரம் இருக்கும். மனு போட்ட நாளிலிருந்து 10 வருடம் வரை அதைக் காட்டலாம். முடிந்துபோன சாப்டர் 13-ஐ மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 7 வருடத்திலேயே எடுத்துவிடுகின்றன. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலை என்றால் அந்த 10 வருட வரம்பு மத்தியச் சட்டப்படி பொருந்தாது. உங்கள் மனு 2022-இல் போட்டது என்பதால் எப்படியும் தெரியத்தான் போகிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்து வேலை தருவதில்லை என்று முடிவெடுக்க நினைத்தால், முடிவுக்கு முன்பே வங்கி உங்களுக்கு அந்த ரிப்போர்ட்டின் நகலையும் உங்கள் உரிமைகளின் சுருக்கத்தையும் அனுப்ப வேண்டும். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எண் சொல்லவில்லை. நடைமுறையில் 5 வேலை நாட்கள் தருகிறார்கள். அந்த உறை வந்ததும் பதறாமல் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படியுங்கள். நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது: டிஸ்சார்ஜ் ஆன கடன்கள் 'திவாலில் சேர்க்கப்பட்டது, பாக்கி பூஜ்ஜியம்' என்று வருவதற்குப் பதிலாக இன்னும் பாக்கி நிற்பதாகவே வரும். அப்போது திவாலும் போட்டு, கடனும் கட்டாதவர் போலத் தெரிவீர்கள். நம் பெயர்கள் இன்னொரு தலைவலி. அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் முதல் பெயராகவும் இருக்கும், சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். இதனால் வேறொருவரின் கணக்கு உங்கள் ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொள்வது நடக்கக்கூடியதே. பிழை என்று எழுதிக் கொடுத்தால் கிரெடிட் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். வங்கி காத்திருக்குமா என்பது வேறு விஷயம். அதனால் இப்போதே ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்துத் திருத்த வேண்டியதைத் திருத்தத் தொடங்குங்கள்.

மாநில, நகரச் சட்டங்கள்தான் உங்கள் விஷயத்தில் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா, இல்லினாய், கொலராடோ, மேரிலண்ட், வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் வேலைக்காகக் கிரெடிட் பார்ப்பதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் வங்கிகளுக்கே விலக்கு உண்டு. நியூயார்க் நகரச் சட்டம் அப்படியில்லை. 2015 செப்டம்பரிலிருந்து அமலில் உள்ள அந்தச் சட்டம் கிரெடிட் வரலாற்றைக் கேட்பதையும் பயன்படுத்துவதையும் பொதுவாகத் தடை செய்கிறது, திவால் விவரமும் அதில் அடக்கம். விண்ணப்பதாரரிடம் வாய்மொழியாகக் கேட்பதும் கூடாது. வங்கி என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை, பதவியைப் பொறுத்துத்தான் விலக்கு. 10,000 டாலரோ அதற்கு மேலோ பிறர் பணத்தைக் கையாளும் அதிகாரம், வர்த்தக ரகசியங்களைத் தொடர்ந்து பார்க்கும் பணி, சட்டமோ பங்குச் சந்தை ஒழுங்கு அமைப்போ கட்டாயமாக்கும் சோதனை ஆகியவை விலக்குகளில் சில. உங்களுக்கு முக்கியமான விலக்கு வேறொன்று: நெட்வொர்க்குகளையும் தரவுத்தளங்களையும் பாதுகாக்கும் டிஜிட்டல் பாதுகாப்பு அமைப்பை மாற்றக்கூடிய பணி. சாதாரண அப்ளிகேஷன் டெவலப்பர் வேலை இதற்குள் வராது என்று வாதிடலாம். ஃபயர்வால், அணுகல் அனுமதிகளைக் கையாளும் பணி என்றால் வரக்கூடும். உங்கள் பதவி விவரத்தை நீங்கள் எழுதவில்லை என்பதால் அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. மீறல் என்று பட்டால் நியூயார்க் நகர மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் தரலாம். ஒரு வருடத்துக்குள் தர வேண்டும்.

நீங்களாகச் சொல்ல வேண்டுமா? கேட்காத இடத்தில் சொல்லும் கடமை எதுவும் இல்லை. கேட்ட இடத்தில் பொய் சொல்லாதீர்கள். படிவத்தில் 'திவால் மனு போட்டதுண்டா' என்று இருந்து 'இல்லை' என்று குறித்துவிட்டால், பின்னால் உங்களை நீக்குவதற்குத் திவால் அல்லாத ஒரு காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். 'ஒரே காரணம்' என்ற பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விடும். கேள்வியைக் கூர்ந்து படியுங்கள், கடைசி 7 வருடமா, எப்போதாவதா என்று. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். விளக்கம் கேட்டால் மூன்று வரி போதும்: மருத்துவச் செலவால் கடன் ஏறியது, 2022-இல் சாப்டர் 7 மனு போட்டு டிஸ்சார்ஜ் பெற்றேன், அதன்பின் எல்லாக் கட்டணங்களும் நாள் தவறாமல் கட்டி வருகிறேன். டிஸ்சார்ஜ் ஆணையின் நகலை இணைக்கலாம். குடும்பக் கதையைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். ஆள் எடுப்பவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இன்னும் தீராத கடனைப் பார்த்துத்தான், தீர்ந்துபோன கடனைப் பார்த்தல்ல என்பது நான் கவனித்தது. கிரெடிட் வரலாற்றைக் கேட்கக் கூடாத பதவி என்று நியூயார்க் நகரச் சட்டம் சொல்லுமானால், பதில் எழுதும் முன் ஒரு வேலைச் சட்ட வழக்கறிஞரிடம் அந்தப் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.

வங்கி வேலை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பங்குப் பத்திரங்களை விற்கும் உரிமம் தேவைப்படும் பதவியாக இருந்தால் பங்குத் தரகர்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பின் யு4 பதிவுப் படிவத்தில் கடந்த 10 வருடத் திவால் விவரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், அது பொதுமக்கள் பார்க்கும் தளத்திலும் வரும். அதற்காக உரிமம் மறுக்கப்படும் என்று சட்டம் இல்லை. அரசு ரகசியங்களைப் பார்ப்பதற்கான அனுமதி தேவைப்படும் பணிகளிலும் கடந்த 7 வருடத் திவாலைக் கேட்பார்கள். அங்கேயும் திவால் தானாகத் தகுதியிழப்பு அல்ல. கடன் எதனால் வந்தது, அதை எப்படிக் கையாண்டீர்கள் என்றுதான் எடைபோடுவார்கள். விசா விஷயத்திலும் நிம்மதியாக இருங்கள். எச்-1பி மாற்ற மனுவில் ஊழியரின் திவால் பற்றிய கேள்வியே கிடையாது. திவால் மனு போடுவது குற்றமல்ல, அது சட்டம் தந்த உரிமை. அதற்குக் குடியுரிமையும் தேவையில்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. சாப்டர் 7 மனு போடும் நாளில் உங்களுக்குச் சொந்தமான எல்லாமே 'திவால் எஸ்டேட்' என்ற தொகுப்புக்குள் போகின்றன. வீடு, கார், வங்கிக் கணக்கு மட்டுமல்ல, இன்னொருவர் மீது வழக்கு போடும் உரிமையும் சொத்துதான். வழக்கு இன்னும் போடவில்லை, போடலாமா என்று யோசிக்கக்கூட இல்லை என்பது பொருட்டே அல்ல. சம்பளம் தராதது 2021-இல், மனு 2022 செப்டம்பரில். ஆகவே அந்தச் சம்பள பாக்கிக்கான உரிமை மனு போட்ட நாளிலேயே டிரஸ்டியின் கைக்குப் போய்விட்டது. சொத்துப் பட்டியலில் அதை எழுதியிருந்தால், வழக்கு முடியும்போது டிரஸ்டி வேண்டாமென்று விட்ட உரிமை உங்களிடமே திரும்பியிருக்கும். எழுதாததால் திவால் வழக்கு மூடப்பட்ட பிறகும் அது எஸ்டேட்டிலேயே கிடக்கிறது. இன்று நீங்கள் நடத்தும் வழக்கு, சட்டத்தின் கண்ணில், உங்களுடையதே அல்ல.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை ஒருநாள் கண்டுபிடிப்பார். ஊழியர் ஒருவர் வழக்கு போட்டால் அவர் பெயரைப் பேசரில் தேடுவது அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. தேடி, உங்கள் சொத்துப் பட்டியலைத் திறந்து, பிறர் மீதான கோரிக்கைகள் என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று குறித்திருப்பதையும் கீழே உண்மை என்று உறுதியளித்து நீங்கள் போட்ட கையெழுத்தையும் நகலெடுத்து நீதிமன்றத்தில் வைப்பார்கள். ஒரு நீதிமன்றத்தில் கோரிக்கை ஏதும் இல்லை என்று சொல்லிப் பலன் அடைந்துவிட்டு இன்னொன்றில் கோரிக்கை உண்டு என்று சொல்ல முடியாது என்பது வாதம். இந்தத் தடைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2001-இல் விளக்கியிருக்கிறது. திவாலில் குறிப்பிடாத கோரிக்கைகளுக்கு அதை எவ்வளவு கடுமையாகப் பொருத்துவது என்பதில் நீதிமன்றங்கள் வேறுபடுகின்றன. 11-ஆவது சர்க்யூட் 2017-இல் தன் பழைய கடுமையைத் தளர்த்தி, ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று எல்லாச் சூழ்நிலைகளையும் வைத்துப் பார்க்கச் சொன்னது. நியூஜெர்சி அடங்கிய 3-ஆவது சர்க்யூட், குறிப்பிடாததை மட்டும் வைத்துக் கெட்ட எண்ணம் என்று முடிவுகட்டக் கூடாது என்று 1996-இலேயே சொல்லியிருக்கிறது. அது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் நியாயமான சம்பளக் கோரிக்கைகள், முதலாளி தவறே செய்யவில்லை என்பதற்காக அல்லாமல், இந்த ஒரு காரணத்துக்காகவே தூக்கி எறியப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உழைத்த கூலி அப்படிப் போவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் கஷ்டம்தான். சாப்டர் 13-இல் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் புதிதாக முளைக்கும் கோரிக்கைகளும் அங்கே எஸ்டேட்டைச் சேரும், அவற்றையும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

சரிசெய்ய வழி உண்டு. மூடிய திவால் வழக்கை மீண்டும் திறக்கச் சட்டம் இடம் தருகிறது. திறந்து, சொத்துப் பட்டியலைத் திருத்தி, இந்தக் கோரிக்கையை எழுதி, உங்களுக்குள்ள விலக்கையும் (கடன்காரர்களுக்குப் போகாமல் நீங்கள் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் அளவை) கோர வேண்டும். நியூஜெர்சியில் மத்திய விலக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை போட்ட மனுக்களுக்கு அதன் பொது விலக்கு 1,475 டாலர், வீட்டுக்கான விலக்கில் பயன்படுத்தாத பகுதியிலிருந்து மேலும் 13,950 டாலர் வரை. அந்த விலக்கில் எவ்வளவை ஏற்கெனவே பயன்படுத்தினீர்கள் என்பது உங்கள் பழைய மனுவைப் பார்த்தால் தெரியும். மீதி இருந்தால் சம்பள பாக்கியில் அந்த அளவை உங்களுக்கென்று காப்பாற்ற முயலலாம். அதற்குப் பிறகு டிரஸ்டி வழக்கைத் தானே எடுத்து நடத்தலாம், இப்போதுள்ள உங்கள் வழக்கறிஞரையே அமர்த்திக்கொள்ளலாம், சமரசம் செய்யலாம், அல்லது லாபமில்லை என்று உங்களிடமே விட்டுவிடலாம். வரும் பணத்தில் கடன்காரர்களுக்கும் செலவுகளுக்கும் போக மிஞ்சினால் உங்களுக்கு வரும்.

இதில் முந்திக்கொள்வதுதான் முக்கியம். எதிர்த்தரப்பு மனு போடுவதற்கு முன் நீங்களே போய்த் திறந்தால் மறந்துபோனது என்பது நம்பும்படி இருக்கும். அவர்கள் கண்டுபிடித்த பிறகு திறந்தால் அகப்பட்டதால் திறந்ததாகத் தோன்றும். உங்கள் சம்பள வழக்கின் வழக்கறிஞருக்குத் திவால் விஷயம் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அவரே உங்களை அனுப்பியிருப்பார். நான் எழுதியது எல்லாம் நீங்கள் தந்த சில வரிகளை வைத்து எழுதியது. உங்கள் மனுவையோ வங்கியின் படிவத்தையோ நான் பார்க்கவில்லை, உங்கள் வழக்கறிஞரும் அல்ல. மாநிலச் சட்டங்களும் மாறிக்கொண்டிருப்பவை. வங்கிப் படிவத்துக்கு ஓரிரு நாள் அவகாசம் கேட்டு எழுதுங்கள், அதற்காகப் பொதுவாக யாரும் ஆஃபரை ரத்து செய்வதில்லை. அந்த நாட்களில் திவால் மனுவின் முழு நகல், டிஸ்சார்ஜ் ஆணை, சம்பள வழக்கின் புகார் மனு மூன்றையும் எடுத்துக்கொண்டு, முதலில் சம்பள வழக்கின் வழக்கறிஞரையும் அடுத்து 2022-இல் உங்கள் மனுவைப் போட்டவரையும் பாருங்கள். வாக்குமூலத்துக்குத் தேதி ஏதாவது குறித்திருந்தால் அதற்கு முன்பே இது நடந்துவிட வேண்டும்.